கூண்டு வண்டியும் டிரங்குப் பெட்டியும்

"இந்தத் தடவை நம்ம சந்திப்பு குற்றாலத்துல. நீ தென்காசிக்காரன். இந்தப் பக்கத்துச் சரித்திரம் எதையாவது எழுதிக் கொடு" என்று மலர்க் குழு நண்பர் போனில் சொன்னார். மறுக்க முடியவில்லை. மூன்றாம் வருடம் அவருடைய ரிக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதித்தான் நான் பாஸானேன்.

அருவியைப் பற்றியும் சாரலைப் பற்றியும் எழுத ஆயிரம் பேர் உண்டு. எனக்குக் கைவசம் இருப்பது எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் ஒரு டிரங்குப் பெட்டி. பச்சைப் பெயிண்ட் அடித்த தகரப் பெட்டி. மூடியில் தாத்தாவின் பெயர். பெயருக்குக் கீழே ஊர்ப்பெயரை எழுதி, அழித்து, மறுபடி எழுதிய தடம் ஆறு ஏழு இருக்கும். தாத்தா உபதேசியார். தென்காசி, சுரண்டை, சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமச் சபைகளில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். மூன்று வருடம், நான்கு வருடம், உடனே அடுத்த ஊருக்கு மாற்றல் உத்தரவு. வண்டியில் பெட்டி, பாய், அம்மி, நாலு பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் ஆச்சி.

நம்மில் பலருக்கும் உபதேசியார் என்றால் யார் என்று தெரியாமல் இருக்கலாம். ஐயர் (குருவானவரை நெல்லைக் கிறிஸ்தவர்கள் ஐயர் என்றுதான் சொல்வோம்) பல ஊருக்கு ஒருவர், என்றைக்காவது வருவார். அன்றாடம் மணி அடித்து ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது, மனு எழுதித் தருவது, நோயாளி வீட்டில் போய் உட்காருவது, எல்லாம் உபதேசியார் வேலை. அவர் மனைவிக்குச் சம்பளம் கிடையாது, வேலை மட்டும் உண்டு. வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைக்கும் கைப்பிடி அரிசியை வாங்கி அளந்து வைப்பதிலிருந்து, அசனத்துக்குச் சட்டி கழுவுவது வரை ஆச்சிதான்.

இந்த ஏற்பாடு எங்கே ஆரம்பித்தது என்று தேடிப் போனால் 1820-க்குப் போய் நிற்கிறோம். அந்த வருடம்தான் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். பிரஷ்ய நாட்டுக்காரர், சர்ச் மிஷன் சங்கம் அனுப்பியவர். தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1838-ல் பாளையங்கோட்டையிலேயே இறந்தார். ஊர் ஊராகச் சுற்றியவர்தான். ஆனாலும் ஒரு மனிதன் சுற்றி முடிக்கிற ஜில்லாவா இது? ஊருக்கு ஒரு தமிழ் உபதேசியார் தங்கிப் போதிக்கட்டும் என்ற முறை அவர் காலத்தில்தான் வேரூன்றியது. பயணத்தின் பாரம் தமிழ்க் குடும்பங்களின் தோளுக்கு மாறியதும் அப்போதிருந்துதான். அவருக்குத் தெரிந்தவர்கள் சரித்திரம் எழுதினார்கள். உபதேசியார்களுக்கு மாற்றல் உத்தரவு எழுதினார்கள்.

ஒரு என்ஜினீயராக எனக்கு முதலில் தோன்றுவது சாலையும் வண்டியும்தான். பாளையங்கோட்டையிலிருந்து தென்காசி வர வேண்டுமென்றால் தாமிரபரணியைக் கடக்க வேண்டும். சுலோசன முதலியார் பாலம் 1843-ல்தான் திறந்தது. கலெக்டர் ஆபீஸ் சிரஸ்தாராக இருந்த முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் அது. அப்படியானால் ரேனியஸ் காலம் முழுவதும் பாலமே கிடையாது. வெள்ளம் வந்தால் ஓடம். ஓடக்காரர் மாட்டேன் என்றால் கரையிலேயே காத்திருக்க வேண்டியதுதான். அதற்கப்புறம் தென்காசிக்கு 55 கிலோமீட்டர். மாட்டு வண்டி மணிக்கு மூன்றரை, நான்கு கிலோமீட்டர் போகும். நிற்காமல் போனாலே பதினாலு, பதினைந்து மணி நேரம். வெயிலில் மாடு படுத்துவிடும் என்று ராத்திரியில்தான் ஓட்டுவார்கள். அடியில் லாந்தர் தொங்கும். வில் வைத்த வண்டி வசதியுள்ளவர்களுக்கு. மற்றவர்களுக்கு இருசும் சக்கரமும் கொடுக்கிற ஒவ்வொரு குலுக்கலும் நேராக முதுகெலும்புக்கு. கூண்டுக்குள் வைக்கோல் பரப்பி அதன் மேல் பிள்ளைகளைப் படுக்கப் போடுவது சொகுசுக்காக அல்ல, அதிர்ச்சியைக் குறைப்பதற்கான ஏற்பாடு. டேம்ப்பர் என்று நாம் லேபில் படித்தோமே, அதுதான். 1904-ல் செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு மலையைக் குடைந்து ரயில் போன பிறகும், ஸ்டேஷனிலிருந்து உள்ளே கிராமங்களுக்கு வண்டிதான்.

இப்படிச் சுற்றுவதற்குக் குடும்பமே வேண்டாம் என்று ஒருவர் முடிவு செய்தார். ராக்லண்ட் என்று பெயர். 1841-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நான்காவதாக வந்தவர். 1854-ல் ஃபென், மெடோஸ் என்ற இருவரோடு சிவகாசியை மையமாக வைத்து, வட திருநெல்வேலி கிராமங்களில் கூடாரத்தோடு சுற்றினார். கல்யாணம் ஆகாதவர்களால்தான் இது முடியும் என்பது அவர் கணக்கு. தெற்கே உள்ள சபைகள் தங்கள் உபதேசியார்களை முறை வைத்து மாதக் கணக்கில் அனுப்பின. அவர்களுக்கு வீட்டில் மனைவி மக்கள் உண்டு. கணக்கில் அந்த வரி விட்டுப்போயிற்று. ராக்லண்ட் 1858 அக்டோபரில் சிவகாசியில் 43 வயதில் இறந்தார்.

இதற்கு நேர் மாறான ஆள் ஒருவர் உண்டு. அவரைச் சொல்ல முதலில் மேலகரத்துக்குப் போக வேண்டும். சந்திப்புக்கு வருகிறவர்கள் தென்காசியில் இறங்கிக் குற்றாலம் போகும் வழியில் அந்த ஊரைத் தாண்டித்தான் வருவீர்கள். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் ஊர். மதுரை நாயக்க மன்னர் அந்த நூலுக்காக அவருக்கு நிலம் கொடுத்தார். 'குறவஞ்சி மேடு' என்று அதற்குப் பெயர். அந்த நூலின் உயிரே ஊர் சுற்றும் குறத்திதான். கூடையோடும் கோலோடும் வந்து, தான் பார்த்த மலையையும் நாட்டையும் சொல்லிக் குறி சொல்கிறாள். பின்னாலேயே அவளைத் தேடிக்கொண்டு அவள் புருஷன் சிங்கன் அலைகிறான்.

1774-ல் திருநெல்வேலியில் பிறந்த ஒரு பையனை, 11 வயதில், சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். பின்னாளில் சரபோஜி மன்னராக வந்தவரும் இவரும் அங்கே ஒன்றாகப் படித்தவர்கள். அவர்தான் வேதநாயகம் சாஸ்திரியார். குறத்தியின் இந்த வழிநடைப் பாட்டு வடிவத்தை எடுத்து 1800-ல் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். இதில் குறத்தி விசுவாசத்தின் உருவம். அதற்குள் கோப்பர்நிக்கஸ் சொன்ன வானவியலையும் பூகோளத்தையும் புகுத்தியிருக்கிறார் என்பதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சூரியன் நடுவில் நிற்க, பூமி சுற்றுகிறது என்று தமிழில் ராகம் போட்டுப் பாடிய ஆள்!

சாஸ்திரியார் வீட்டில் இருந்து எழுதியவர் இல்லை. சபை சபையாகப் போய்ப் பாடியவர். சீடர்களோடு குடும்பத்தாரும் பாடினார்கள். மகள் ஞானதீபம் தானும் பாட்டுக் கட்டத் தெரிந்தவர். தகப்பன் எடுத்துக் கொடுக்க, பிள்ளைகள் பின்பாட்டுப் பாட, ஒரு குடும்பமே ஒரு ஜமாவாகப் போவது நம் ஊருக்குப் புதிதில்லை. பாகவதர் வீடுகளையும் கூத்துக்காரர் வீடுகளையும் பார்த்தவர்கள்தானே நாம். 1864-ல் அவர் இறந்த பிறகும் அவர் வம்சத்தார் தலைமுறை தலைமுறையாக அந்தப் பாட்டுகளைப் பாடி வருகிறார்கள். ஆலயத்தில் சாதி வேற்றுமையை விடச் சொன்ன புதிய மிஷனரிகளை எதிர்த்தவரும் இவரே. அதையும் சொல்லாமல் விட்டால் கட்டுரை ஒருசார்பாகிவிடும். என்னைக் கேட்டால், அந்த விஷயத்தில் அவர் செய்தது தப்பு. பாட்டு வேறு, தப்பு வேறு.

குடும்பத்தைப் பாட்டுக்குள்ளேயே கூட்டிப் போகிற பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்காது. 1909-ல் வெள்ளாளன்விளை அசரியா, மனைவி அன்பு மரியம்மாளோடு தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கலுக்குப் போனார். பாளையங்கோட்டையில் 1903-ல் தமிழர்களே தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்தின் வேலைக்காகத்தான் போனது. முதலில் கூடாரத்தில்தான் குடித்தனம். கல்லூரிப் படிப்புப் படித்த அந்த அம்மா, தெலுங்கைப் புதிதாகக் கற்று, கூடாரத்து அடுப்பில் சமைத்தார். 1912-ல் அசரியா ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார் என்று புத்தகம் சொல்லும். அடுப்பைப் பற்றி அவ்வளவாகச் சொல்லாது.

இந்த வரிசையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது டோனாவூர் கதைதான். ஏமி கார்மைக்கேல் அம்மா அயர்லாந்துக்காரர். 1895-ல் இந்தியா வந்து அடுத்த ஆண்டு திருநெல்வேலிப் பக்கம் சேர்ந்தார். வாக்கர் ஐயர் என்பவர் தமிழ் கற்றுக்கொடுத்தார். பண்ணைவிளையை இருப்பிடமாக வைத்துப் பெண்கள் மட்டும் சேர்ந்த ஒரு குழு மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போயிற்று. விண்மீன் கூட்டம் என்று பொருள்படும் பெயரில் ஜனங்கள் அவர்களை அழைத்தார்கள். பொன்னம்மாள் என்ற விதவைப் பெண் அதில் முக்கியமானவர். நகை போடாமல் போவோம் என்று முதலில் கழற்றியவரும் அவரே. நகை இல்லாத தமிழ்ப் பெண்கள், புருஷன் துணை இல்லாமல், வண்டி கட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது என்றால் 1898-ல் தெருவில் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1901 மார்ச்சில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவர்களிடம் வந்து சேர்ந்தாள். கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவார்கள் என்ற நிலையில் தப்பி வந்தவள். அதன் பிறகு இன்னொன்று, இன்னொன்று என்று குழந்தைகள் வந்தன. அந்த வருடமே டோனாவூருக்குக் குடிமாறினார்கள். அந்த ஊரே ரேனியஸ் காலத்தில் டோனா என்ற ஜெர்மன் பிரபு கொடுத்த பணத்தில் உண்டானது, பெயர் அதனால்தான். கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு வண்டியில் எத்தனை ராத்திரி போக முடியும்? பிள்ளைகள் தாயின் காலைக் கட்டும் என்ற நம் ஊர்ப் பேச்சை அவரே எடுத்து எழுதியிருக்கிறார். ஊர் சுற்றுவது நின்றது. வீடு உண்டாயிற்று. வாக்கர் ஐயர் மட்டும் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார். 1912-ல் அப்படிப் போன இடத்தில், மசூலிப்பட்டணத்தில் இறந்தார். கார்மைக்கேல் அம்மா 1951 ஜனவரியில் டோனாவூரிலேயே கண்ணை மூடினார்.

எங்கள் ஆச்சிக்கு வண்டியை நிறுத்துகிற அதிகாரம் இல்லை. அவளுடைய மூன்றாவது பிள்ளை, என் அப்பாவுக்கு மூத்த அக்கா, சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டு வயதில் காய்ச்சலில் இறந்தது. கல்லறைத் தோட்டத்தின் வேலியோரம் அடக்கம் பண்ணினார்கள். ஏழு மாதம் கழித்து மாற்றல் வந்தது. மேலிடத்தில் இருந்தவரிடம் இன்னும் ஒரு வருடம் இருக்கட்டுமே என்று தாத்தா கேட்டிருக்கிறார், கிடைக்கவில்லை. ஆச்சி அதற்கப்புறம் அந்த ஊருக்குப் போனதேயில்லை. போக வண்டிச் சத்தம் யார் கொடுப்பது? அப்பா எஸ்.எஸ்.எல்.சி. முடிப்பதற்குள் ஐந்து பள்ளிக்கூடம் மாறினார். ஒவ்வொரு ஊரிலும் 'உபதேசியார் மவன்' என்றுதான் பேர். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழகுவதற்குள் வண்டி வந்துவிடும்.

ஓய்வு பெற்றுத் தென்காசியில் வீடு எடுத்துத் தங்கிய பிறகும் ஆச்சி அந்தப் பெட்டியை முழுசாகக் காலி செய்யவில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஏன் என்று கேட்டேன். "எல்லாத்தையும் எடுத்து வெளிய வச்சா, பெறவு யாருல கட்டுறது?" என்றாள். அப்போது சிரித்தேன்.

எனக்குக் காற்றாலைக் கம்பெனியில் வேலை என்பது நம் பேட்ச்காரர்களுக்குத் தெரியும். ஆரல்வாய்மொழி, கட்ச், சித்ரதுர்கா என்று காற்று அடிக்கிற ஊருக்கெல்லாம் போயாயிற்று. மகள் நாலாம் வகுப்பு. இது மூன்றாவது பள்ளிக்கூடம், மூன்றாவது மொழி. போன வருடம் சைட் விஷயமாகச் சங்கரன்கோவில் பக்கம் போனபோது வண்டியை அந்தக் கிராமத்துக்குத் திருப்பச் சொன்னேன். ஆலயம் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். கல்லறைத் தோட்டத்தில் வேலி இல்லை, காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது. வேலியோரம் எது என்று காட்ட யாரும் இல்லை. சபைப் பெரியவர் ஒருவர் மட்டும், "உபதேசியாரு வந்துட்டுப் போவாவ, பேரு நெனப்பு இருக்காது. ஆனா ஒரு உபதேசியாரம்மா சாயங்காலம் சாயங்காலம் இங்ஙன வந்து நிப்பாவன்னு எங்கம்மா சொல்லுவா" என்றார். அது எங்கள் ஆச்சிதானா என்று எனக்குத் தெரியாது. அப்பாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்காரி ஒன்று சொல்லச் சொன்னாள். மலரின் கடைசியில் போடும் முகவரிப் பட்டியலுக்கு, போன சந்திப்பில் நான் கொடுத்த ஆரல்வாய்மொழி முகவரிதான் உங்களிடம் இருக்கும். அதை அடித்துவிடுங்கள். இப்போது இருக்கிற முகவரியையும் போட வேண்டாம். மார்ச்சில் மறுபடி மாறுகிறோம். தென்காசியில் அப்பா வீட்டு முகவரியைப் போட்டுவிடுங்கள்.