அங்கவடிக்கு உரியவர் யார்?

உங்கள் செவிப்பறைக்குப் பின்னே உள்ள சிறு குழியில் மூன்று எலும்புகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. சுத்தி, பட்டடை, அங்கவடி என்பன அவற்றின் பெயர்கள். மூன்றாவதான அங்கவடியே மனித உடலின் மிகச் சிறிய எலும்பு; ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயரம், எடையோ சில மில்லிகிராம். இதனைக் கண்டவர் யார் என்பதைக் குறித்து 16ஆம் நூற்றாண்டு இத்தாலியின் பெரும் மருத்துவர்கள் வழக்காடினார்கள் என்றால் நம்புவீர்களா?

எலும்புகளைப் பற்றித் தனி நூலே எழுதிய கேலன், இம்மூன்றில் ஒன்றையும் அதில் குறிப்பிடவில்லை. அவரைக் குறைகூற வேண்டியதில்லை. மண்டையோட்டின் மிகக் கடினமான எலும்புக்குள் இவை புதைந்து கிடக்கின்றன. உளிபட்டால் உதிர்ந்து மறைந்துவிடும். 1521இல் பெரெங்காரியோ டா கார்ப்பி இரண்டைக் குறித்து எழுதினார். 1543இல் வெசாலியுஸ் அவ்விரண்டையும் கொல்லனின் சுத்திக்கும் பட்டடைக்கும் ஒப்பிட்டார். மூன்றாவதை அவரும் காணவில்லை.

அதைக் கண்டவர் சிசிலித் தீவினரான ஜொவான்னி பிலிப்போ இங்கிராசியா. 1546இல் நேப்பிள்சில் கற்பித்துக்கொண்டிருந்தபோது, குதிரைச் சேணத்து அங்கவடியைப் போன்ற வடிவைக் கண்டு அப்பெயரையே அதற்கு இட்டார். கேலன் அதைக் கண்டிருந்தாலும் அப்பெயரை இட்டிருக்க இயலாது. அவர் காலத்து ரோமர் அங்கவடியின்றியே குதிரையேறினார்கள்!

பெயரில் எளிமை இருப்பினும் பணியில் இல்லை. காற்றில் வரும் ஒலி, உட்செவியின் திரவத்தில் நேரே மோதினால் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். அகன்ற செவிப்பறையின் அசைவை இவ்வெலும்புகள் வாங்கி, அங்கவடியின் சிற்றடியில் குவித்து, அழுத்தத்தை ஏறத்தாழ 20 மடங்காக்கி உள்ளே செலுத்துகின்றன. அந்த அடி இறுகி அசையாமற்போனால் செவி மந்தமாகும். 1956இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ஜான் ஷே என்னும் மருத்துவர், இறுகிய அங்கவடியை அகற்றி டெஃப்லானால் ஆன மாற்றுறுப்பைப் பொருத்திக் கேள்வியை மீட்டார்.

வழக்கிற்கு வருவோம். இங்கிராசியா தாம் கண்டதை மாணவருக்குச் சொன்னாரேயன்றி அச்சிடவில்லை. 1559இல் வெளியான நூலில் ரெயால்டோ கொலம்போ அதைத் தம் கண்டுபிடிப்பென்றார். 1564இல் வெளியான நூலில் யூஸ்டாக்கி தாமே கண்டதாக உரிமை கோரினார். இருவரும் அதனைத் தம் கண்களாலேயே கண்டிருக்கவும் கூடும். ஆராய்ச்சியில் அப்படி நேர்வதுண்டு. ஆயினும் இவ்விருவருக்கும் இடையே, 1561இல், பதுவா நகரின் பேராசிரியர் பலோப்பியோ தம் நூலில் வேறுவிதமாய் எழுதினார். புகழ் தேடும் வாய்ப்பு அவருக்கும் இருந்தது. அவரோ அந்தப் பெருமை இங்கிராசியாவுக்கே உரியது என்று வெளிப்படையாய்ச் சாட்சியிட்டார். அடுத்த ஆண்டே மரித்தும் போனார்.

இங்கிராசியா சிசிலிக்குத் திரும்பி, 1575இல் பலேர்மோவைத் தாக்கிய கொள்ளைநோயை எதிர்த்து உழைத்து, 1580இல் காலமானார். அங்கவடியைப் பற்றிய அவருடைய சொந்த எழுத்து அச்சேறியது 1603இல்தான். அது கேலனின் அந்த எலும்பு நூலுக்கு அவர் எழுதிய விளக்கவுரை.