டியூட்டி முடிந்தும் கிளம்ப முடியாத நர்சுகள்: ஓவர் எடுக்கத் தாமதிக்கும் சக ஊழியரை எப்படிக் கையாள்வது?

இரவு டியூட்டி காலை 8 மணிக்கு முடிகிறது என்றால் 8 மணிக்கே ஏன் கிளம்ப முடிவதில்லை? நர்சாகப் பணிபுரியும் பெண்கள் உள்ள நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. காரணம், ஓவர். தமிழகத்து மருத்துவமனைகளில் 'ஓவர் கொடுப்பது, எடுப்பது' என்றும், வளைகுடா நாடுகளில் பல இடங்களில் 'எண்டார்ஸ்மெண்ட்' என்றும் சொல்லப்படும் பொறுப்பு ஒப்படைப்பு முடியாமல் ஒரு நர்ஸ் வார்டை விட்டு நகர முடியாது. அடுத்து வருபவர் விவரம் கேட்டுக் கையெழுத்திடும் வரை, அந்தப் படுக்கைகளில் நடக்கும் எதற்கும் பொறுப்பு இவர்தான்.

இது வெறும் சம்பிரதாயம் அல்ல. எந்த நோயாளிக்கு எந்த மருந்து கொடுத்தாயிற்று, எது நிறுத்தப்பட்டது, யாருக்கு எந்தப் பரிசோதனை முடிவு வர வேண்டும், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் கைமாறும் நேரம் இது. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் நோயாளிகளின் பாதுகாப்புக்காக ஒன்பது தீர்வுகளை வெளியிட்டது. அவற்றில் ஒன்று இந்தக் கைமாற்றத்தின்போது நடக்கும் தகவல் பரிமாற்றத்தைப் பற்றியது. ஆகவே வருபவர் தாமதித்தால் போகிறவருக்குக் கால்வலி, தூக்கம், தவறவிட்ட பஸ் என்பதோடு விஷயம் முடிவதில்லை. பன்னிரண்டு மணி நேரம் விழித்திருந்தவர் அவசர அவசரமாகச் சொல்லிவிட்டு ஓடும்போது, ஆறாம் நம்பர் படுக்கைக்காரருக்கு 9 மணிக்குக் கொடுக்க வேண்டிய ஊசி விட்டுப்போகலாம். அல்லது ஏற்கெனவே போட்ட ஊசியே மறுபடி போடப்படலாம்.

தாமதத்தில் பல வகை உண்டு. ஒருவர் வீட்டிலிருந்தே தாமதமாக வருகிறார். இன்னொருவர் 7.55-க்கு விரல் வைத்துப் பஞ்ச் செய்துவிட்டு, உடை மாற்றி, கேன்டீனில் டிபன் முடித்து, 8.30-க்கு வார்டுக்கு வருகிறார். மிஷினின் கணக்கில் அவர் தாமதமே இல்லை. மூன்றாமவர் நேரத்துக்கு வருவார். ஆனால் "இந்த சலைன் பாட்டிலை மாற்றிவிட்டுப் போங்க, அந்த பெட்ஷீட்டை மாற்றிவிட்டுப் போங்க" என்று எல்லாம் முடிந்த வார்டாகக் கைக்கு வந்தால்தான் எடுப்பார். நான்காவதாகப் பொருள் கணக்கு. தெர்மாமீட்டரோ, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரோ ஒன்று குறைந்தால் யார் தலையில் விழும் என்ற பயத்தில் எண்ணி எண்ணியே அரை மணி நேரம் போய்விடும். இந்த நால்வரிடமும் ஒரே மாதிரி கோபப்படுவதால் பயனில்லை. பொருள் கணக்கில் பயப்படுபவர் மேல் தப்பே இல்லை என்றுகூடச் சொல்லலாம். காணாமல் போன பொருளுக்கு நர்சிடம் பணம் பிடிக்கும் நிர்வாகத்தைத்தான் அங்கே கேட்க வேண்டும்.

பேசுவதற்கு முன் நம் பக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. சார்ட் எழுதுவதைக் கடைசி நிமிடத்துக்குத் தள்ளாமல் 7.15-க்குள் முடித்துவிட வேண்டும். யூரின் பேக்கைக் காலி செய்து அளவைக் குறித்துவிட வேண்டும். தீரும் தறுவாயில் இருக்கும் டிரிப்பை வருபவர் தலையில் கட்டக் கூடாது. பூட்டி வைக்கும் போதை மருந்துகளை இருவரும் சேர்ந்தே எண்ணிக் கையெழுத்திட வேண்டும் என்பதால், அந்தப் பதிவேட்டைத் திறந்து தயாராக வைத்திருந்தால் ஐந்து நிமிடம் மிச்சமாகும்.

சொல்லும் முறையும் முக்கியம். 'எஸ்பார்' என்ற முறை இப்போது பல மருத்துவமனைகளில் கற்றுத்தரப்படுகிறது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவத்துக்கு வந்த முறை இது: இப்போதைய நிலை, பின்னணி, நம் மதிப்பீடு, அடுத்துச் செய்ய வேண்டியது. "ஆறாம் பெட், நேற்று அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். விடிகாலை 4 மணிக்குக் காய்ச்சல் 101. டாக்டரிடம் சொல்லி பாராசிட்டமால் கொடுத்தாயிற்று, ரத்தம் லேபுக்குப் போயிருக்கிறது. ரிசல்ட் வாங்கி டாக்டருக்குச் சொல்லணும்." அவ்வளவுதான். ஒழுங்காகச் சொன்னால் நேரம் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். 2014-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. ஒன்பது மருத்துவமனைகளில் குழந்தை மருத்துவப் பயிற்சி டாக்டர்களின் கைமாற்றத்தை ஒழுங்குபடுத்திப் பார்த்ததில் மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன. ஆனால் ஒரு நோயாளிக்கு ஆன நேரம் ஏறக்குறைய அப்படியே, இரண்டரை நிமிட அளவில்தான் இருந்தது. நர்சுகளுக்கும் இதில் பாடம் உண்டு. பத்து நோயாளிகள் என்றால் இருபத்தைந்து நிமிடம் போதும்.

இதற்குப் பிறகும் தாமதம் தொடர்ந்தால் முதலில் அவரிடமே, தனியாக, டியூட்டி மாறும் நேரம் அல்லாத வேளையில் பேச வேண்டும். நோயாளியின் படுக்கை அருகே, உறவினர்கள் கேட்க, ஒருபோதும் கூடாது. "நீங்க எப்பவும் லேட்டுதான்" என்று தொடங்கினால் சண்டையில்தான் முடியும். "அக்கா, எனக்கு எட்டரை பஸ்ஸை விட்டா அடுத்தது ஒன்பதே முக்காலுக்குத்தான். சின்னவனை ஸ்கூலுக்கு அனுப்ப ஆளில்லை. நீங்க ஏழு அம்பதுக்கு வார்டுல நின்னா எனக்குப் பெரிய உதவி" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். அவருக்கும் ஒரு காரணம் இருக்கலாம். அவர் ஊர் பஸ்ஸே 8.05-க்குத்தான் வருகிறது என்றால், இருவரும் சேர்ந்து இன்சார்ஜிடம் ஷிப்ட் மாற்றம் கேட்கலாம்.

பேசியும் மாறவில்லையா? இனி பேச்சு வேண்டாம், எழுத்து போதும். ஓவர் புத்தகத்தில் கையெழுத்துக்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள்: "ஓவர் கொடுத்தது 8.50." நமக்கு இருக்கும் வலுவான ஆதாரம் இதுதான். பஞ்ச் மிஷின் அவர் கட்டடத்துக்குள் வந்த நேரத்தைச் சொல்லும், நோயாளிகளைப் பொறுப்பேற்ற நேரத்தைச் சொல்லாது. இரண்டு வாரம் இப்படிக் குறித்துவிட்டு, தேதி வாரியாக வார்டு இன்சார்ஜிடம் காட்டுங்கள். "தினமும் லேட்" என்ற புகாரைத் தட்டிக்கழிக்கலாம். பன்னிரண்டு டியூட்டியில் ஒன்பது முறை அரை மணிக்கு மேல் என்பதைத் தட்டிக்கழிப்பது கடினம். இன்சார்ஜ் கண்டுகொள்ளாவிட்டால் அதே தாளின் நகலோடு நர்சிங் சூப்பிரண்டெண்டிடம் எழுத்து மூலம் கொடுக்கலாம். கூடுதல் நேரத்துக்குச் சம்பளமோ மாற்று விடுப்போ கேட்கவும் இதே குறிப்பு உதவும்.

எவ்வளவு கோபம் வந்தாலும் செய்யக் கூடாதவை சில உண்டு. யாரும் பொறுப்பேற்காமல் வார்டை விட்டுப் போகக் கூடாது. அப்படிப் போய் நோயாளிக்கு ஏதாவது நேர்ந்தால், தாமதமாக வந்தவரை விட்டுவிட்டு விசாரணை நம் பக்கம்தான் திரும்பும். நர்சிங் மாணவியிடமோ ஆயாம்மாவிடமோ சொல்லிவிட்டுப் போவது ஓவர் ஆகாது. கட்டாயம் கிளம்பியே ஆக வேண்டுமென்றால் இன்சார்ஜை அழைத்து, அவரிடமோ அவர் கைகாட்டும் நர்சிடமோ ஓவர் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும்.

வளைகுடாவில் 7 முதல் 7 வரை பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பரவலாக இருக்கிறது. அங்கே பெரிய தலைவலி கம்பெனி பஸ். அதை விட்டால் டாக்சிக்குக் கைக்காசு போகும். சவூதி மருத்துவமனைகளில் ஓ.வி.ஆர். என்ற சம்பவ அறிக்கை முறை உண்டு. பத்து நிமிடத் தாமதத்துக்கெல்லாம் அதை எழுதினால் வார்டில் பகைதான் மிஞ்சும். தாமதத்தால் ஒரு மருந்தோ பரிசோதனையோ தள்ளிப்போயிருந்தால் தயங்காமல் எழுதலாம்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒன்று. 8 மணிக்கும் 8.30-க்கும் இடையே "எங்கே இருக்கே?" என்று திரும்பத் திரும்பப் போன் செய்யாதீர்கள். அவர் எதையும் மறந்துவிடக் கூடாத நேரம் அது. மாமியாரோ கணவரோ 9 மணி என்று மனதில் வைத்துக்கொண்டு குழந்தைக்கு டிபன் கொடுத்துவிட்டால் பாதிப் பதற்றம் குறையும்.

ரமளானில் இந்தப் பிரச்சினை நம் பக்கமும் திரும்பும். பிற்பகல் டியூட்டியில் இருப்பவருக்கு இஃப்தார் நேரம் டியூட்டிக்குள்ளேயே வருகிறது. அந்தப் பதினைந்து நிமிடம் நம் நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் பிற சமயச் சகோதரிதான். எந்த நோயாளியைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லாமல் எழுந்து போகக் கூடாது. சொன்ன நேரத்துக்குத் திரும்பிவிடவும் வேண்டும். இரவு டியூட்டிக்குச் செல்பவர்கள் நோன்பு திறந்து, மக்ரிபு தொழுது, சாப்பிட்டுக் கிளம்பும்போது 8 மணியைத் தாண்டிவிடுகிறது என்றால், அங்கே காத்து நிற்பவர் வேறொரு வீட்டின் தாய். டியூட்டி பட்டியல் போடும் முன்பே, ஷஃபான் மாதத்திலேயே இன்சார்ஜிடம் பேசி, அந்த மாதத்துக்கு மட்டும் காலை ஷிப்டோ, அரை மணி தள்ளிய நேரமோ கேட்டுப் பார்க்கலாம். பெருநாள் அன்று விடுப்பு வேண்டுவோர் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் டியூட்டியை ஏற்றுக்கொண்டால் இந்தப் பேச்சு எளிதாக முடியும்.