கிழிந்த ஸ்பீக்கரின் நகல்

1951 மார்ச்சில், ஒரு பாட்டைப் பதிவு செய்ய ஐக் டர்னரின் குழு மெம்ஃபிஸுக்குக் காரில் கிளம்பியது. வழியில் கிட்டார் ஆம்ப் அடிபட்டுவிட்டது. எப்படி என்பதில் ஆளுக்கொரு கதை. மழையில் நனைந்தது என்பார்கள், காரிலிருந்து விழுந்தது என்பார்கள். ஸ்டுடியோக்காரர் சாம் ஃபிலிப்ஸ் பிய்ந்த ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து ஒப்பேற்றினார். அந்தக் கரகரப்பு அவருக்குப் பிடித்துப்போனது. அப்படி வந்ததுதான் ‘ராக்கெட் 88’. பின்னால் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஒரு சின்ன ஆம்பின் ஸ்பீக்கரைப் பிளேடால் கிழித்தார். 1964இல் வெளியான ‘யூ ரியலி காட் மீ’ பாட்டில் கேட்பது அந்தக் கிழிசலைத்தான். முதலாவது விபத்து, இரண்டாவது வேண்டுமென்றே செய்தது.

எலக்ட்ரிக் கிட்டார் தனியாகப் பெரிதாகச் சத்தம் போடாது. அதன் குரல் பாதிக்குமேல் ஆம்பில்தான் இருக்கிறது. வால்வு ஆம்பை அதன் வரம்புக்கு மேல் முடுக்கினால் அலையின் உச்சிகள் மழுங்கிப் புது ஹார்மோனிக்குகள் முளைக்கும். நான் படித்த எஞ்சினியரிங் பாடத்தில் இதற்குப் பெயர் குறைபாடு. ராக் கேட்பவர்களுக்கோ அதுதான் பாட்டே. ஆனால் அந்தக் குறைபாடு முழுசாக வெளிப்பட வால்யூமை ஏற்றியாக வேண்டும். அடுக்குமாடி வீட்டில், இரவு 11 மணிக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை தூங்கும்போது அது நடக்கிற காரியமா? வால்வு ஆம்பின் நடத்தையைக் கணக்காக மாற்றி ஹெட்ஃபோனில் தருகிற மாடலரை நான் தேட ஆரம்பித்தது இதனால்தான்.

எந்த மாடலரின் மெனுவைத் திறந்தாலும் ‘பிரிட்’ என்று தொடங்கும் பெயர்கள் கண்ணில் படும். வணிகமுத்திரைச் சிக்கலால் மார்ஷல் என்று நேராகப் போட மாட்டார்கள், கிசுகிசுப் பத்தி மாதிரி ஜாடைதான். அந்த மார்ஷலே ஒரு நகல். லண்டன் ஹான்வெல்லில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962இல் கென் பிரான், டட்லி கிராவன் ஆகியோருடன் சேர்ந்து ஃபெண்டர் பாஸ்மேனின் சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார். பாஸ்மேன் பேஸ் கிட்டாருக்காகச் செய்யப்பட்டது, கிட்டார்க்காரர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள் என்பது தனிக்கதை. டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் இங்கிலாந்தில் கிடைத்தவை. சர்க்யூட் அதேதான், குரல் வேறாக வந்தது. இன்று ஜேடிஎம்45 ஓர் அசல். அதை நகலெடுக்க டிஎஸ்பி சிப்புகள் உழைக்கின்றன.

கணினி வருவதற்கு முன்பே இந்த நகல் வேலை தொடங்கிவிட்டது. பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ் எம்ஐடியில் படித்த எஞ்சினியர். 1982இல் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ராக்மேன் என்ற ஹெட்ஃபோன் ஆம்பைக் கொண்டுவந்தார். டெஃப் லெப்பர்டின் ‘ஹிஸ்டீரியா’வில் கேட்கும் கிட்டார்களில் பெரும்பகுதி அதன் வழியாக வந்தவை. டிஜிட்டலில், 1996இல் லைன் 6 நிறுவனத்தின் ஆக்ஸிஸ் 212 வந்தது. 1998இல் அவர்களே கொண்டுவந்த பாட், சிவப்பு அவரைவிதை வடிவத்தில், வீட்டு ஸ்டுடியோக்களை நிரப்பியது.

பழைய டிஜிட்டல் டிஸ்டார்ஷனைக் கொசு ரீங்காரம் என்று திட்டுவார்கள். அதற்குக் காரணம் உண்டு. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுத்தால் 24,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் குறிக்க முடியாது. ஆனால் டிஸ்டார்ஷன் 30,000 ஹெர்ட்ஸில் ஒரு ஹார்மோனிக்கை உண்டாக்கினால் அது மறைந்துபோகாது, மடங்கி 18,000இல் வந்து உட்காரும். வாசிக்கும் சுரத்தோடு அதற்குச் சொந்தபந்தமே கிடையாது. தீர்வு, உள்ளுக்குள் பல மடங்கு வேகத்தில் கணக்குப் போட்டுவிட்டு, வடிகட்டி, திரும்ப இறக்குவது. அதற்குச் சிப்பின் பலம் வேண்டும். 2006இல் வந்த ஃபிராக்டலின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் போன்றவற்றை நம்பித் தொழில்முறைக் கலைஞர்கள் மேடையேறியதில் சிப்புகள் வளர்ந்ததற்கும் பங்குண்டு.

2011இல் கிறிஸ்டோஃப் கெம்பர் வேறு திசையில் போனார். சர்க்யூட் உள்ளே எப்படி இருக்கிறது என்று எனக்கெதற்கு? ஆம்புக்குள் விதவிதமான ஒலிகளை அனுப்பு, வெளியே வருவதை மைக்கில் கேள், இரண்டையும் ஒப்பிட்டு நகலெடு. ஸ்டீவன் அட்கின்சனின் நியூரல் ஆம்ப் மாடலர் அதே வேலையை நியூரல் நெட்வொர்க்கிடம் கொடுத்து, மூலநிரலையும் இலவசமாகத் திறந்து வைத்தது. யார் யாரோ தங்கள் ஆம்புகளைப் பிடித்துப் பகிர்கிறார்கள். கண்ணை மூடிக் கேட்டால் அசலா நகலா என்று சொல்வது கஷ்டம். நான் தோற்றுப்போகிற பந்தயம் அது.

இருந்தும் நான் வாங்கியது சர்க்யூட்டைப் பாகம் பாகமாகக் கணக்கிடும் வகையில் ஒன்று. பிடித்துவைத்த நகல் பெரும்பாலும் ஒரே ஒரு திருகு நிலையின் புகைப்படம். கெயினைக் கூட்டினால் அசல் ஆம்ப் என்ன செய்யும் என்பது அதற்குத் தெரியாது, அதன்மேல் வேறொரு கணக்கைப் பூசுவார்கள். ரெக்கார்டிங் மட்டும் என்றால் எனக்கு அதுவே போதும். ஆனால் நான் இன்னும் கற்றுக்கொள்கிறவன். டிரெபிளைத் திருகினால் மிட் ஏன் குழைகிறது என்று என் காதுக்குப் புரிய வேண்டும். அலுவலகத்திலும் இதே வழக்குதான்: விதிகளை எழுதுவதா, தரவைக் கொட்டி மாடலைப் பழக்குவதா? அங்கே மாடல் ஜெயித்துக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் பார்த்துத்தான் வாங்கினேன். யூஎஸ்பி வழியாக ஒரே நேரத்தில் இரண்டு டிராக்குகள் பதிவாக வேண்டும். ஒன்று ஆம்ப் ஒலி, இன்னொன்று கிட்டாரிலிருந்து நேராக வரும் வெற்று ஒலி. நாளைக்கு மனம் மாறினால் வெற்று டிராக்கை வேறு ஆம்ப் வழியாக, இலவச நகல்கள் வழியாகவும்கூட, அனுப்பிக்கொள்ளலாம். தனியாகக் கேட்டால் அது ரப்பர் பேண்டைச் சுண்டுவது மாதிரி இருக்கும். கை தடுமாறிய இடமெல்லாம் அப்பட்டமாகத் தெரியும். எதையும் இதுவரை அழிக்கவில்லை.