கொல்கத்தாவில் கப்பலேற்றம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றங்கரையிலிருந்து மூவகைப் பயணிகள் கடல் கடந்தனர்: கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள், பர்மாவுக்குப் பிழைக்கப் போன டெக் பயணிகள், ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் கேபினில் சென்றோர். காத்திருப்பு, சோதனை, மரியாதை எல்லாமே வகுப்புக்கு வகுப்பு மாறின.

துறைமுகமும் கம்பெனிகளும்

கொல்கத்தா துறைமுகம் கடலிலிருந்து ஏறத்தாழ 200 கி.மீ. உள்ளே ஆற்றில் அமைந்தது. மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருந்ததால், வங்காளப் பைலட் சேவையினர் வழிகாட்ட, ஓதம் பார்த்தே கப்பல்கள் நகர்ந்தன. 1870இல் துறைமுகப் பொறுப்புக் கழகம் ஏற்பட்டது; 1892இல் கிதிர்பூர் கப்பல்துறை திறக்கப்பட்டது. 1856இல் கல்கத்தா–பர்மா நீராவிக் கப்பல் கம்பெனியாகத் தோன்றி, 1862இல் பெயர் மாறிய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி வங்கக் கடலில் கோலோச்சியது. தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906இல் போட்டிக்கு இறங்கியது இந்தக் கம்பெனியோடுதான்.

ஒப்பந்தக் கூலிகள்

மொரீஷியசுக்கு 1834இலும் ஃபிஜிக்கு 1879இலும் கொல்கத்தாவிலிருந்து கூலிகள் அனுப்பப்படத் தொடங்கினர். 1903இல் சென்னையிலிருந்து கப்பல்கள் புறப்படும்வரை ஃபிஜிக்குச் செல்ல கொல்கத்தாவே வாயில். ‘ஆர்க்காட்டி’ எனப்பட்ட ஆள்பிடிப்போர் பீகாரிலும் ஐக்கிய மாகாணத்திலும் பலரை ஏமாற்றியே சேர்த்தனர். மாஜிஸ்திரேட் முன் பதிவானவர்கள் ரயிலில் ஹவுரா வந்து, கார்டன் ரீச் கூலி டிப்போக்களில் காத்திருந்தனர். மருத்துவச் சோதனைக்குப் பின் உடையும் கம்பளியும் தட்டும் தரப்பட்டன. பெயர், தந்தை பெயர், சாதி, ஊர், உடல் அடையாளம் ஆகியவற்றை எழுதிய குடியேற்றச் சீட்டுடன் அவர்கள் கப்பலேறினர். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது விதி. நூர்ஸ் கம்பெனியின் கப்பல்கள் கங்கை, சட்லெஜ் என நதிகளின் பெயர் தாங்கியிருந்தன. சாதி கடந்து ஒன்றாய்ச் சென்றவர்களிடையே பிறந்த ‘ஜஹாஜி பாய்’ (கப்பல் சகோதரர்) உறவு, தோட்டங்களில் இரத்த உறவுக்கு நிகராக மதிக்கப்பட்டது.

டெக் பயணிகள்

ரங்கூன் கப்பல்களில் எழுத்தர்களும் கூலிகளும் வணிகர்களும் திறந்த தளத்தில் பாய் விரித்துச் சென்றனர். பிளேக் பரவிய காலத்தில், ஏறுவதற்கு முன் அவர்கள் மருத்துவச் சோதனைக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 1903இல் பர்மா சென்ற வங்க எழுத்தாளர் சரத்சந்திர சட்டோபாத்யாய் ‘ஸ்ரீகாந்த்’ நாவலின் இரண்டாம் பாகத்தில் இந்தக் கப்பலேற்றத்தின் இழிவுகளைப் பதிவு செய்தார்.

கேபின் பயணிகள்

சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டது. 1870இல் பம்பாய்–கல்கத்தா ரயில் பாதை இணைந்தது. அதன்பின் இங்கிலாந்து செல்வோர் பலர் ரயிலேறிப் பம்பாயில் கப்பல் பிடித்தனர். ஆனாலும் சென்னை, கொழும்பு வழியாகச் செல்லும் கப்பல்கள் ஹூக்ளியிலிருந்தும் புறப்பட்டன. 1899 ஜூன் 20 அன்று விவேகானந்தர் பிரின்செப் படித்துறையிலிருந்து ‘கோல்கொண்டா’ கப்பலில் புறப்பட்டார். பிளேக் விதிகளால் அவர் சென்னையில் இறங்க இயலவில்லை. அவருடன் பேசுவதற்காகவே அவரது சீடர் அளசிங்கப் பெருமாள் சென்னையில் ஏறிக் கொழும்புவரை சென்றார். தாகூர் 1916 மே 3 அன்று ‘தோசா மாரு’ கப்பலில் ஜப்பானுக்குப் பயணமானார்.

முடிவும் நினைவும்

தேசியத் தலைவர்களின் தொடர்ந்த எதிர்ப்பாலும் முதல் உலகப் போர்க்காலத் தேவையாலும் 1917இல் ஒப்பந்தக் கூலி அனுப்புதல் நின்றது. 1941 டிசம்பரில் ரங்கூன்மீது ஜப்பானியர் குண்டு வீசியபின் பர்மாப் போக்குவரத்து குலைந்தது. கிதிர்பூரில் 2011இல் கூலித் தொழிலாளர் நினைவுச்சின்னமும், சுரினாம் படித்துறையில் 2015இல் ‘மாய் பாப்’ (தாய் தந்தை) சிலையும் திறக்கப்பட்டன. கேபினில் சென்றவர்கள் தங்கள் பயணத்தைத் தாங்களே எழுதினர்; கூலிகளுக்கு எஞ்சியது குடியேற்றச் சீட்டு. ஃபிஜியிலும் மொரீஷியசிலும் வாழும் வம்சாவளியினர் மூதாதையரின் ஊரைக் கண்டுபிடிக்க இன்றும் நம்புவது ஆவணக் காப்பகங்களில் உள்ள அந்தப் பதிவுகளையே.