சுவீகாரக் கட்டு

சத்திரத்துத் திண்ணையில் ஓர் இரவு படுத்து எழுந்து போகிறவனிடம் பத்திரம் கேட்கிற வழக்கம் நம் நாட்டில் கிடையாது. சுங்குவார்சத்திரத்துக்கு அந்தப் பெயர் வந்த காலத்திலும் அப்படித்தான் இருந்திருக்கும். 2007-ம் வருஷம் முதல் அவ்வூரில் கொரியாக்காரர்களின் சாம்ஸங் தொழிற்சாலை நடக்கிறது. பங்களூர் ரஸ்தாவில் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு டெலிவிஷன் பெட்டியும் ஐஸ் பெட்டியும் ஞாபகம் வருவதில்லை. குழந்தைகளின் ஞாபகந்தான் வருகிறது. காரணம் உண்டு. 1953-ல் யுத்தம் நின்ற பிறகு, கொரியாவிலிருந்து லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் தத்துப் பிள்ளைகளாக அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனார்கள். பெற்றவர்கள் உயிரோடிருக்க, "அநாதை" என்று எழுதி அனுப்பப்பட்டவர்களும் அவர்களில் உண்டு என்று அந்நாட்டு விசாரணைக் கமிஷனே 2025-ல் சொல்லிவிட்டது.

நாம் மட்டும் என்ன செய்தோம் என்று பார்க்க வேண்டாமா?

நம்மிடையே சுவீகாரம் என்றால், பெற்றவர் கையால் கொடுக்க, கொள்பவர் கையால் வாங்க வேண்டும்; பத்திரமெல்லாம் அப்புறந்தான். 1956-ம் வருஷத்துச் சட்டம் பெண் குழந்தையையும் சுவீகாரம் எடுக்கலாம் என்று ஆக்கிற்று. ஆனால் அது ஹிந்துக்களுக்கான சட்டம். ஸ்வீடனிலிருந்து வருகிற தம்பதிக்கு 1890-ம் வருஷத்துக் கார்டியன் சட்டந்தான் கதி. ஜில்லா கோர்ட்டில் மனுப்போட்டுக் கார்டியன் ஆவார்கள். குழந்தையைக் கடல் கடந்து கொண்டுபோக அநுமதி வாங்குவார்கள். தங்கள் ஊர்ச் சட்டப்படி அங்கே தத்தெடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளாவிட்டால்? விமானம் ஏறிய குழந்தை இங்கேயும் பிள்ளையல்ல, அங்கேயும் பிள்ளையல்ல.

1982-ல் லக்ஷ்மி காந்த் பாண்டே என்ற வக்கீல், தத்தின் பெயரால் குழந்தைகளுக்கு நேரும் கொடுமைகளைச் சொல்லி, சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். கோர்ட்டார் அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றுக்கொண்டார்கள். 1984 பிப்ரவரி 6-ந் தேதி நீதிபதி பகவதி தீர்ப்புக் கூறினார். அன்று பிறந்ததுதான் இந்தப் பெரிய கட்டு.

கட்டில் என்னவெல்லாம் தெரியுமா? சொந்த நாட்டில் லைசென்ஸ் பெற்ற சங்கத்தின் சிபார்சு, வீட்டு நிலைமையைப் பற்றிய அறிக்கை, கலியாண சர்ட்டிபிகேட், டாக்டர் சர்ட்டிபிகேட், உத்தியோகச் சான்று, வருமான வரிக் கணக்கு, பாங்கிக் கடிதம், குடும்பப் போட்டோ, இரண்டு வருஷத்துக்குள் தத்தெடுப்போம் என்ற உறுதிமொழி. எல்லாவற்றிலும் நோட்டரி முத்திரை. நோட்டரியின் கையெழுத்து மெய்தான் என்பதற்கு இன்னொரு அதிகாரியின் முத்திரை! பெண்ணைக் கொடுக்கிறவர்கள்கூட மாப்பிள்ளையைப் பற்றி இத்தனை விசாரிப்பதில்லை.

பெற்றவளையும் தீர்ப்பு மறக்கவில்லை. பிள்ளை பிறக்குமுன்னும், பிறந்து மூன்று மாதத்துக்குள்ளும் அவளிடம் சம்மதம் வாங்கலாகாது. விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும். பத்திரிகையில் நோட்டீஸ் கூடாது. பெற்றவர்கள் தேடிப் போய்ப் புதிய பெற்றோரைத் தொந்தரவு செய்துவிட்டால்? நல்லெண்ணத்தில் போட்ட திரைதான். ஆனால் திருடனுக்கும் அது சௌகரியமாகப் போயிற்று.

2005-ல் சென்னைப் போலீஸார் ஒரு கும்பலைப் பிடித்தார்கள். ஏழை ஜனங்கள் வசிக்கும் தெருக்களிலிருந்து தூக்கிய குழந்தைகள், தத்து ஸ்தாபனம் ஒன்றின் வழியாகக் கடல் கடந்திருந்தது அப்போது வெளியாயிற்று. பெற்றவள் மனமொப்பிக் கொடுத்ததாகப் போலிப் பத்திரம்! வாங்குகிறவர்களைப் பற்றிய காகிதங்கள் கட்டுக் கட்டாக இருந்தன. முத்திரைக்குக் குறைவே இல்லை. குழந்தை யாருடையது என்று சொல்லும் காகிதந்தான் மெலிந்து போயிருந்தது. பொய் நுழைவதற்கு அந்த ஒரு தாள் போதாதா?

இப்போது நடப்பது 2015-ம் வருஷத்துச் சட்டம். சுங்குவார்சத்திரத்தில் பஸ் நிற்குமிடத்தில் ஒரு கைக்குழந்தை கிடந்தால், அதன் படம் பத்திரிகையில் வர வேண்டும். குழந்தை நலக் குழுவினர் பெற்றோரைத் தேட வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்டதானால் இரண்டு மாதத்துக்குள், மேற்பட்டதானால் நான்கு மாதத்துக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். தானே ஒப்படைத்த தாய்க்கும் மனம் மாற இரண்டு மாதம் தவணை. கட்டு இப்போது கோர்ட்டுக்குப் போவதில்லை. 2022 செப்டம்பர் முதல் காஞ்சீபுரத்தில் கலெக்டர் மேஜைக்குப் போகிறது.

ஐரோப்பாவில் வளர்ந்து ஆளாகி, பெற்றவளைத் தேடி இங்கே வருகிறவர்கள் பழைய கட்டுகளைப் பிரித்துக் காட்டச் சொல்கிறார்கள். வளர்த்தவர்களின் பாங்கிக் கடிதத்தை அவர்கள் ஏன் படிக்கப் போகிறார்கள்? அடியில் எங்கேயாவது ஒரு கைநாட்டு இருக்கிறதா என்றுதான் தாள் தாளாகப் புரட்டுகிறார்கள்.