கப்பலில் இருந்து பார்த்தால் சாகசம்

'கடல் புறா' படித்து வளர்ந்தவர்களுக்கு ஸ்வீடன் எழுத்தாளர் ஃபிரான்ஸ் பெங்ட்ஸனின் வைக்கிங் நாவல் அந்நியமாகத் தெரியாது. 1941, 1945 ஆண்டுகளில் இரண்டு பாகமாக வந்தது. ஆங்கிலத்தில் 'தி லாங் ஷிப்ஸ்'. ஆடு திருட வந்தவர்களைத் தடுக்கப்போன ஓர்ம் என்ற பையனை அந்தத் திருடர்களே கப்பலில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் ஸ்பெயினில் அடிமையாகத் துடுப்பு வலிக்கிறான், அல்மன்சூரின் மெய்க்காவல் படையில் சேர்கிறான், பெரிய தேவாலய மணி ஒன்றோடு தப்பித்து ஊர் திரும்புகிறான். சும்மா சொல்லக்கூடாது, வேகம்னா அப்படியொரு வேகம்.

ஆனால் இந்த நாவல் நிற்பது வேகத்தால் மட்டும் இல்லை, கேலியாலும்தான். ஓர்ம் மாவீரன், ஆனால் லேசாக உடம்பு சரியில்லை என்றாலே செத்துவிடுவோமோ என்று நடுங்குவான். நாஜிகள் வைக்கிங்குகளைத் தலையில் தூக்கிவைத்து ஆடிய அதே காலத்தில் பெங்ட்ஸன் இப்படி எழுதினார். வீரத்தைக் கும்பிடாமலே ரசிக்கலாம் என்று காட்டியதுதான் அவருடைய சாதனை.

நமக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. ஓர்ம் கதை நடக்கும் 10-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தஞ்சையில் ராஜராஜன் அரியணையில் இருந்தான். அவன் மகன் ராஜேந்திரனின் கப்பல்கள் 1025-இல் ஸ்ரீவிஜயத்தின் மீது பாய்ந்தன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அந்தப் படையெடுப்பைப் பட்டியல் போடுகிறது. கடாரத்து அரசன் பிடிபட்டது, அவனுடைய யானைகள், குவிந்துகிடந்த செல்வம், மணிகள் பதித்த வாயில், பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ப்பெயர்கள். எல்லாமே கப்பலில் இருந்து பார்த்த கதை. அந்த ஊர்களில் அன்றைக்கு யார் எங்கே ஓடினார்கள் என்று கல்வெட்டுக்குக் கவலை இல்லை. நம் சரித்திர நாவல்களும் பெரும்பாலும் அந்தத் தளத்தில் நின்றுதான் எழுதப்பட்டன.

கரையில் இருந்தவர்கள் என்ன சொன்னார்கள்? 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் இன்றைய வடிவம் பெற்ற மலாய் நூலான 'செஜாரா மெலாயு'வில் ராஜா சூலன் என்று ஒருவர் வருகிறார். பெயரிலேயே சோழ வாடை. சீனாவைப் பிடிக்கப் பெரும்படையோடு கிளம்பித் தெமாசெக்கில், அதாவது இன்றைய சிங்கப்பூரில், தங்குகிறார். சீன மன்னர் ஒரு கப்பலை அனுப்புகிறார். அதில் துருப்பிடித்த ஊசிகள், காய்த்துக் குலுங்கும் மரங்கள், பல்லுப்போன கிழவர்கள். "சீனா எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், "சின்னப் பசங்களா கிளம்பினோம், வழியில நட்ட விதைதான் இந்த மரம், கை தண்டி இரும்புக் கம்பி தேய்ஞ்சுதான் இந்த ஊசி" என்கிறார்கள் கிழவர்கள். ராஜா சூலன் நம்பிப் படையைத் திருப்பிவிடுகிறார். கல்வெட்டில் பாய்ந்த சோழனை மலாய்க் கதை சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிட்டது. இத்தனைக்கும் அவருடைய வம்சத்தில்தான் சிங்கப்பூரா நகரை நிறுவியவர் வந்தார் என்றும் அதே நூல் சொல்கிறது. வெறுப்பில்லாத கேலி, ஓர்மை பெங்ட்ஸன் சீண்டுவது மாதிரி.

அதே நூலில் இன்னொரு கதை. வாள்மீன்கள் கடலில் இருந்து பாய்ந்து கரையில் இருப்பவர்களைக் குத்திக் கொல்கின்றன. ஆட்களை வரிசையாக நிறுத்தி, அவர்கள் கால்களாலேயே வேலி போடச் சொல்கிறார் அரசர். பிணங்கள்தான் குவிகின்றன. ஒரு சிறுவன் வாழைத்தண்டால் வேலி போடலாமே என்கிறான். மீன்களின் மூக்கு தண்டில் சிக்கிக்கொள்ள, ஊர் பிழைக்கிறது. இப்போதே இவ்வளவு புத்தி என்றால் வளர்ந்தபின் என்ன ஆவானோ என்று அரசருக்கு வேண்டியவர்கள் ஓத, பையனைக் கொன்றுவிடுகிறார்கள். அந்தப் பழி நகரத்தின் மேல் விழுந்தது என்கிறது நூல். அவன் ரத்தம் வழிந்துதான் குன்று சிவந்தது என்று மக்கள் சொல்ல, அதுவே புக்கிட் மேரா, சிவப்புக் குன்று, ஆனது. ரெட்ஹில் எம்ஆர்டி நிலையத்தின் பெயரும் அந்தக் குன்றுதான்.

சாகச நாவலில் இப்படிச் சாகிற பையனுக்கு அரைப் பத்திகூடக் கிடைக்காது. கதாநாயகனின் கப்பல் அடுத்த துறைக்குப் போயிருக்கும். இங்கே ஓர் ஊரே அவன் பெயரைக்கூட அறியாமல் அவனை நினைவில் வைத்திருக்கிறது. ஓர்மின் கப்பலில் தாராளமாக ஏறுங்கள், 'கடல் புறா'விலும் ஏறுங்கள். கரையில் நிற்பவர்கள் பக்கமும் ஒரு கண் இருக்கட்டும். புக்கிட் மேராவில் குடியிருக்கும் தமிழருக்கு அது இன்னும் சுலபம், ஏனென்றால் நாம் இப்போது அந்தக் கரையில்தான் இருக்கிறோம்.