பத்து நிமிடச் சாப்பாடு

1993ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் எனது மகள் நொய்கெல்னில் முதலாம் வகுப்புக்குப் போனாள். இந்த நாட்டில் முதல்நாள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு இனிப்புகளும் பென்சில்களும் நிரப்பிய பெரியதொரு காகிதக் கூம்பைக் கொடுத்தனுப்புவார்கள். நாங்களும் கொடுத்தோம். அடுத்த நாள் என்ன கொடுத்தனுப்புவது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. பிட்டு அவித்து, உருளைக்கிழங்குப் பொரியலும் வைத்து, ஒரு கரண்டியும் போட்டு மூடிக் கொடுத்தேன். பெட்டி அப்படியே திரும்பி வந்தது. மறுநாளும் வந்தது.

அவள் பிட்டைக் கொண்டுபோக வெட்கப்படுகிறாள் என்றுதான் நினைத்தோம். யாரோ மூக்கைப் பொத்தியிருப்பார்கள், ஏதோ சொல்லியிருப்பார்கள். அப்படி நினைக்க அப்போது காரணமும் இருந்தது. 1992இல் றொஸ்ரொக்கில் அகதிகள் தங்கியிருந்த கட்டிடத்தைச் சுற்றி நின்று நெருப்பு வைத்தார்கள், பார்த்து நின்றவர்கள் கைதட்டினார்கள். அதே ஆண்டு மோல்ன். 1993 மே மாதம் சோலிங்கனில் துருக்கியக் குடும்பமொன்றின் ஐந்து பெண்களும் பிள்ளைகளும் வீட்டோடு எரிந்துபோனார்கள். பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டி நிறைந்தபடி திரும்பி வந்தால் எங்களுக்கு வேறென்ன தோன்றும்?

ஒரு கிழமை கழித்து மகளே சொன்னாள்: "பிட்டைத் தின்னத் தொடங்கேக்க மணி அடிச்சிடுதம்மா." வகுப்பிலேயே இருந்து சாப்பிடப் பத்து நிமிடம், பிறகு எல்லோரும் முற்றத்துக்கு ஓடவேண்டும். வாயிலுள்ளதை விழுங்கி முடிக்க முதல் சப்பாத்து மாட்டச் சொல்லுவார்களாம்.

பிட்டு அவசரத்துக்கான சாப்பாடல்ல. அதைக் குழைக்கவேண்டும், பிடிக்கவேண்டும், பக்கத்தில் ஒருவர் இருந்து "இன்னும் ஒரு வாய்" என்று சொல்லவேண்டும். ஆறு வயதுப் பிள்ளை கரண்டியால் அள்ளினால் பாதி மேசையில் உதிரும்.

இந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் தேடிப் பார்த்தேன். முன்னொரு காலத்தில் ஜேர்மன் பள்ளிகளும் எங்கள் தகப்பன்மார் படித்த யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்களைப் போலத்தான் இருந்தன. காலையில் ஒரு நேரம், மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு, பின்னேரம் மறுபடியும் படிப்பு. நகரங்கள் பெருத்து, வீடும் பள்ளியும் தூரமாகிப்போக, இரண்டு தரம் போய்வருவது கஷ்டமாயிற்று. 1911இல் பிரஷ்யா உயர்பள்ளிகளில் ஒரு பாடத்தை 45 நிமிடமாகச் சுருக்கியது. படிப்பு முழுவதையும் காலைக்குள் அடக்கிவிடுவது மெல்ல மெல்ல எல்லாப் பள்ளிகளுக்கும் வழக்கமாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு, 1912இல்தான், றிக்ஸ்டோர்ப் என்றிருந்த எங்கள் ஊர் நொய்கெல்ன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. சுருக்கிய காலைக்குள் ஒரு துண்டுப் பாண் தின்ன மட்டும்தான் இடைவேளை. பேர்லின்காரர் அதை 'ஸ்ருல்லெ' என்பார்கள். உண்மையான சாப்பாடு மத்தியானம் வீட்டில். அதைச் சமைக்க அங்கே ஒரு தாய் இருப்பாள் என்று வைத்துக்கொண்டார்கள். அவள் வேலைக்குப் போகிறாளா என்று யாரும் கேட்கவில்லை. நான் விடிய ஐந்து மணிக்கு அலுவலகங்கள் கழுவப் போய்க்கொண்டிருந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் வேறு கணக்கு. சொன்னன் அலே என்ற எங்கள் நீண்ட வீதியின் ஒரு முனை கிழக்குப் பேர்லினுக்குள் இருந்தது, நடுவில் எல்லைக் காவல். அங்கே தாய்மாரும் தொழிற்சாலைக்குப் போகவேண்டும் என்பது அரசின் கொள்கை. ஆகவே பள்ளியிலேயே சூடான மத்தியானச் சாப்பாடு, 55 பெனிக்குக்கு. சுவையைப் பற்றி அங்கு வளர்ந்தவர்கள் நல்லதாய் ஒன்றும் சொல்வதில்லை. நானும் 1985இன் தொடக்கத்தில் அந்தப் பக்கத்தால் வந்தவள்தான். ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிறீட்றிஷ் ஸ்ராச நிலையத்தால் மேற்குக்குள் நுழைந்தேன். அந்த ஆண்டு யூலையில் தமிழர்களுக்கு அந்த வழி அடைபட்டது.

பசித்த பிள்ளைக்குப் பள்ளியே சோறு போடலாம் என்பதை இந்த நகரம் அதற்கு முன்பும் கண்டிருக்கிறது. முதலாம் உலகப் போருக்குப் பின், 1920 பெப்ரவரியில், அமெரிக்கக் குவேக்கர்கள் ஜேர்மன் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தொடங்கினார்கள். வைத்தியர்கள் பரிசோதித்து, மெலிந்தவர்களைத் தெரிவு செய்தார்கள். கொக்கோவும் சோறும் அவரைக் கஞ்சியும் வெள்ளைப் பணிசும் கொடுத்தார்கள். 1921இல் ஒரு நாளைக்குப் பத்து இலட்சம் பிள்ளைகள்வரை சாப்பிட்டார்கள். அதே 1920இல் சென்னை மாநகராட்சி, தியாகராய செட்டியார் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பாடசாலையில் பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் மதிய உணவு கொடுக்கத் தீர்மானித்தது. இரண்டு ஊருக்கும் ஒன்றைப்பற்றி ஒன்று தெரிந்திருக்காது. அங்கே அது சில ஆண்டுகளில் நின்றுபோய், 1956இல் காமராசரால் மாகாணம் முழுவதற்கும் வந்தது. இங்கே 1945க்குப் பிறகு மீண்டும் பஞ்சம், மீண்டும் பள்ளிக் கஞ்சி. எங்கள் கீழ்வீட்டு மூதாட்டி தகரக் குவளையைப் புத்தகப் பையில் கட்டித் தொங்கவிட்டுப் போனவர். நடக்கும்போது அது கிணுகிணுவென்று அடிக்குமாம். பசி தீர்ந்ததும் மேற்குப் பேர்லின் பழையபடி பாண்துண்டுக்குத் திரும்பியது.

அந்த மூதாட்டிதான் எனக்கு வழி காட்டினார். "கையில் பிடித்தபடி ஓடக்கூடியதாய்க் கொடு," என்றார். முன்வீட்டுத் துருக்கியப் பெண் பாற்கட்டியை மெல்லிய மாவில் சுருட்டிப் பொரித்துத் தன் பிள்ளைகளுக்கு விரல்விரலாய்க் கொடுத்தனுப்புவதையும் பார்த்தேன். பிட்டை விட்டேன். றொட்டியைக் கிழங்குக் கறி வைத்துச் சுருட்டி, இரண்டு கடியில் முடிகிற அளவுக்கு வெட்டினேன். அப்பிளைத் துண்டாக்கி எலுமிச்சம்புளி தடவினேன், கறுக்காமல் இருக்க. இரவே எல்லாம் செய்து வைத்துவிட்டு விடிய வேலைக்குப் போவேன். பெட்டி வெறுமையாய் வரத் தொடங்கியது. சம்பலை மட்டும் அவள் வேண்டாமென்றாள். அதில் மணமும் கொஞ்சம் சேர்ந்திருந்ததை நான் மறைக்க மாட்டேன். ஒரு பெற்றோர் கூட்டத்தில் ஓர் ஆசிரியை, "வகுப்பில் சிலரின் உணவு வாசனை" பற்றிப் பொதுவாகச் சொல்வதுபோல என்னைப் பார்த்துச் சொன்னார். என் ஜேர்மன் அப்போது பதில் சொல்லுமளவுக்கு வரவில்லை.

2003இல் முழுநாள் பள்ளிகளைக் கட்ட மத்திய அரசு 400 கோடி யூரோ ஒதுக்கியது. 2019 ஓகஸ்ட் முதல் பேர்லினில் ஆறாம் வகுப்புவரை மதிய உணவு இலவசம். வீட்டில் காத்திருக்கும் தாய் என்ற கணக்கை ஒருவாறு விட்டார்கள். ஆனால் பிள்ளைகள் திடீரெனப் பெருக, சாப்பாட்டு மண்டபங்கள் போதவில்லை. பல பள்ளிகள் அணி அணியாகச் சாப்பிடவைத்தன, ஓர் அணி முடிக்க முதல் அடுத்த அணி வாசலில்.

என் பேத்தி இப்போது இரண்டாம் வகுப்பு. மத்தியானம் பள்ளியில் சாப்பிடுகிறாள், காலை இடைவேளைக்குப் பெட்டி இன்னும் போகிறது. சனிக்கிழமைகளில் வந்து நிற்கும்போது பிட்டு அவிப்பேன். ஒரு மணித்தியாலம் இருந்து, தேங்காய்ப்பூவைத் தனியாகப் பொறுக்கித் தின்கிறாள். மகள் இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாள்.